பூரியா, கோபால்பூரா?

தலைநகரில் வாழும் தமிழர்க்குக் கிட்டாத பொருள் யாதென்று வினவின், கடல் என்று விடையிறுக்கலாம். இட்டலிக்கு வேண்டிய உளுந்து இங்குக் கிடைக்கின்றது, முருங்கைக்காய் கிடைக்கின்றது, மார்கழி வைகறையில் திருப்பாவையும் செவிக்குக் கிட்டுகின்றது. கடல் ஒன்றே இல்லை. ஆண்டுக்கொரு முறை விடுப்பெடுத்து ஊருக்குச் செல்வோம் ஆயினும், ஆங்குத் திருமணம், காதணி விழா, வீட்டு வரி, பாகப்பிரிவினைப் பேச்சு என்று நாள்கள் ஓடிவிடும். மெரினாவைப் பேருந்தின் சன்னல் வழியே பார்த்துவிட்டு மீண்டும் இரயிலேறியவர் நம்முள் எத்துணையோ பேர்.

சென்ற ஆண்டு எம் வீட்டில் ஒரு புதிய முடிவு செய்யப்பட்டது. ஊருக்குச் செல்லாமல், பத்து நாள் ஏதேனுமொரு கடற்கரையில் தங்கி இளைப்பாறுவது என்பதே அது. கடல் எது என்பதில் வேற்றுமை இல்லை; வங்கக் கடல்தான். கரை எது என்பதில்தான் பூசல் எழுந்தது. எம் அலுவலகத்து வங்காள நண்பர், "கடல் என்றால் பூரி, மற்றவை உப்பு நீர்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அடுத்த மேசையிலுள்ள தெலுங்கு மொழிபெயர்ப்பாளர் பெர்ஹாம்பூரில் பிறந்தவர். அவ்வூர்க்கு இற்றை நாள் பெயர் பிரம்மபூர். "கூட்டத்தைப் பார்க்க விரும்பினால் பூரிக்குச் செல்க, கடலைப் பார்க்க விரும்பினால் எம் கோபால்பூருக்கு வருக" என்றார் அவர். வீட்டிலோ, அன்னையார் ஜகந்நாதரைக் காணாமல் உயிர்விட மாட்டேன் என்கின்றார். குழந்தைகளுக்கு மணலும் அலையும் போதும்.

எம் தொழில் மொழிபெயர்ப்பு. ஒரு சொல்லுக்கு இரண்டு தமிழாக்கங்கள் நிகராக நின்று மயக்குமாயின், அவ்விரண்டும் எங்கிருந்து வந்தன, யார் வாயில் வழங்கின என்று பார்த்தே ஒன்றைக் கொள்வோம். அப்பழக்கத்தால் இவ்விரு ஊர்களின் வரலாற்றையும் புரட்டத் தொடங்கினோம். விடுமுறைக்கு இடந்தேடப் புகுந்தவர் இவ்வளவு தொலைவு சென்றது மிகைதான்; ஆயினும் தேடக் கிடைத்தவை நம்மவர்க்குப் பயன்படும் என்பதால் ஈண்டுக் கூறுகின்றோம்.

இரண்டும் ஒடிசா மாநிலத்தின் கரையில் உள்ளவை. இரயில் வழியே கணக்கிட்டால், பூரியிலிருந்து குர்தா ரோடு சென்று, சில்கா ஏரியின் ஓரமாகத் திரும்பிப் பிரம்மபூர் வருவதற்கு இருநூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அங்கிருந்து கோபால்பூர் பதினைந்து கிலோமீட்டர் அளவு. ஒரே கடல், ஒரே காற்று, ஒரே வெண்மணல். இவ்வளவு ஒற்றுமையிருந்தும் ஒன்று திருவிழாக் கூட்டம்போல் இரைகின்றது. மற்றொன்று பிற்பகலில் உறங்கும் வீடுபோல் கிடக்கின்றது. இதற்குக் காரணம் நிலத்தில் இல்லை, வரலாற்றில்தான் உள்ளது. ஒன்று எல்லாரும் வந்து சேர்ந்த ஊர். மற்றொன்று எல்லாரும் புறப்பட்டுச் சென்ற ஊர்.

பூரியை முதலில் பார்ப்போம். இன்று நாம் காணும் ஜகந்நாதர் கோயிலை 12-ஆம் நூற்றாண்டில் எழுப்பத் தொடங்கியவன் கீழைக் கங்க மன்னன் அனந்தவர்மன். அவனுடைய சிறப்புப் பெயர் சோடகங்கன் என்பது. சோழன் என்பதே அங்குச் சோடன் ஆயிற்று. தந்தை வழியில் கங்கன். தாய் இராசசுந்தரி சோழர் குலத்துப் பெண். எனவே சோழ கங்கன். தாய் வீட்டாரோடு அவன் உறவு இனிமையாக அமைந்ததென்று சொல்வதற்கில்லை. முதற் குலோத்துங்கன் கருணாகரத் தொண்டைமானை அனுப்பிக் கலிங்கத்தை வென்ற போரில் எதிர்நின்றவன் இவ்வனந்தவர்மனே. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியைப் பள்ளியில் நெட்டுருச் செய்தவர், தோற்றவன் பின்னாளில் என்ன ஆனான் என்று கேட்டிருக்க மாட்டார், யாமும் கேட்டதில்லை. தோற்றவன் ஒடுங்கிவிடவில்லை. நெடுங்காலம் அரசு புரிந்தான்; வடக்கே தன் நாட்டை விரித்தான்; இந்தியா முழுவதும் வந்து வணங்கும் கோயிலொன்றை எழுப்பத் தொடங்கினான். பரணியை மட்டும் படித்த நமக்கு, பூரிக் கோயிலின் நிழலில் நிற்கும்போது சிறிது நாணம் தோன்றினால் அது தவறன்று.

தமிழ்த் தொடர்பு அத்துடன் முடியவில்லை. இராமாநுசர் இங்கு வந்து தங்கினார் என்பது வைணவ மரபு. கோயிலின் கிழக்கு வாயிலாகிய சிங்க வாயிலுக்கு அருகே எமார் மடம் என்றொரு மடம் இருந்தது. எம்பெருமானார் என்னும் பெயரே தேய்ந்து எமார் ஆயிற்று என்பர். இருந்தது என்று இறந்த காலத்தில் எழுதுவதற்குக் காரணமுண்டு. கோயிலைச் சுற்றிப் பாதுகாப்பு வெளி அமைப்பதற்காக 2019-ஆம் ஆண்டில் அம்மடத்தின் கட்டடங்களை இடித்தார்கள். கூட்டம் நெருங்கினால் உயிர் போகும் என்பது அரசின் வாதம். அதனைத் தள்ளிவிட முடியாது. ஆயினும் பல நூற்றாண்டுகளாகத் தெற்கிலிருந்து வந்தவர்க்கு அடையாளமாக நின்ற ஒரு பெயர், அகலமான வெளியாக மாறிவிட்டதைக் கண்டபோது எமக்கு மனம் ஒப்பவில்லை.

ஒன்று கவனிக்கத்தக்கது. பழைய பூரி கடலை நோக்கிய ஊரன்று. கோயில் கடலிலிருந்து தள்ளி உள்ளே இருக்கின்றது; தேரோடும் பெருந்தெருவும் கோயிலிலிருந்து குண்டிசா கோயிலை நோக்கிச் செல்கின்றதேயன்றிக் கடலை நோக்கிச் செல்லவில்லை. யாத்திரிகர் கடலுக்குச் சென்றது நீராடுவதற்கு. அடுத்தபடியாக, இறந்தவரை எரிப்பதற்கு. கரையிலுள்ள சுவர்க்கத்துவாரம் என்னும் சுடுகாடு இன்றும் அணையாமல் எரிகின்றது. அதற்குச் சிறிது தொலைவில் குழந்தைகள் மணல்வீடு கட்டுகின்றனர். வாணிகர் முத்துமாலையும் சங்கும் விற்கின்றனர். புதிதாக வந்தவர்க்கு இது திகைப்பளிக்கும். அவ்வூரார்க்கு அது இயல்பு. சைதன்யர் 1510-ஆம் ஆண்டில் இங்கு வந்து, தம் வாழ்வின் இறுதிப் பகுதியைப் பெரும்பாலும் இவ்வூரிலேயே கழித்தார். வங்காளிகளுக்குப் பூரியின்மேல் உள்ள காதல் அன்று வேர் விட்டது.

இரயில் வருவதற்கு முன் பூரிக்குச் செல்வது எளிதன்று. வங்காளத்திலிருந்து ஜகந்நாதச் சாலை வழியே மாதக்கணக்கில் நடக்க வேண்டும். மழைக்காலத் தேர்த்திருவிழா; ஆறுகளில் வெள்ளம்; தங்கும் இடங்களில் நெருக்கம்; அதன் விளைவாக வாந்திபேதி. வழியில் மாண்டவர் பலர். கிழக்கிந்தியக் கம்பெனியோ 1806 முதல் யாத்திரிகர்மீது வரி விதித்துப் பணம் ஈட்டியது. அவ்வரியை எதிர்த்தவருள் பாதிரிமாரே முன் நின்றனர் என்பது ஒரு வேடிக்கை. கிறித்தவ அரசு விக்கிரக வணக்கத்திற்குத் துணை போவதா என்பது அவர் கேள்வி. ஏழையின் மடியிலுள்ள காசைப் பற்றியதன்று. எவ்வாறாயினும் 1840-ஆம் ஆண்டில் அவ்வரி நீங்கியது. 1897-ஆம் ஆண்டில் குர்தா ரோட்டிலிருந்து பூரிக்கு இரயில் ஓடத் தொடங்கிற்று. மாதங்கள் ஓர் இரவாகச் சுருங்கின. கல்கத்தாவின் வழக்கறிஞரும் ஆசிரியரும் எழுத்தரும், நோயுற்றவர்க்குக் காற்று மாற்றம் வேண்டுமென்ற மருத்துவர் சொல்லைக் கேட்டுக் கடற்கரையில் வீடுகள் கட்டினர்; விடுதிகள் தோன்றின. கடலுக்கு முதுகு காட்டியிருந்த ஊர் அன்றுதான் முகத்தைத் திருப்பியது எனலாம்.

இனிக் கோபால்பூர். இதன் கதை பூரியைப்போல் நீண்டதன்று. ஆனால் நம் மாகாணத்தின் கதை.

1803-ஆம் ஆண்டு செப்டம்பரில் கர்னல் ஹார்கோர்ட் என்பவன் தலைமையில் கம்பெனிப் படை ஒன்று கஞ்சத்திலிருந்து வடக்கே நடந்து பூரியை மராத்தியரிடமிருந்து கைப்பற்றியது. அப்படை சென்னை ராஜதானியின் படை. வென்ற பின்னர் பூரி வங்காள ராஜதானியோடு சேர்ந்தது. புறப்பட்ட இடமாகிய கஞ்சம் ஜில்லாவோ சென்னையோடே நின்றது. அன்று இட்ட அக்கோடு 133 ஆண்டுகள் அழியவில்லை. ஒரே ஒடியா மொழி பேசிய மக்களுள் ஒரு சாரார் கல்கத்தாவை நோக்கி மனு எழுதினர். மற்றொரு சாரார் சென்னைக் கோட்டையை நோக்கி எழுதினர். ஒடியா பேசுவோரை ஒன்றுசேர்க்க மதுசூதன தாஸ் முதலியோர் 1903-ஆம் ஆண்டில் உத்கல் சம்மேளனத்தைத் தொடங்கினர். 1936 ஏப்ரல் முதல் நாள் ஒரிசா தனி மாகாணமாயிற்று. கஞ்சத்தின் பெரும்பகுதி அதனோடு இணைந்தது. மொழிவாரி மாகாணம் என்னும் கொள்கைக்கு அதுவே முதல் வெற்றி. நாம் இன்று தமிழ்நாடு என்று வழங்கும் மாநிலம் உருவாவதற்கு இருபது ஆண்டுகள் முன்னரே அவர்கள் தங்கள் வீட்டுச் சுவரை எழுப்பிக்கொண்டனர். பின்னாளில் குடியரசுத் தலைவரான வி. வி. கிரி 1894-ஆம் ஆண்டில் பிறந்தது பெர்ஹாம்பூரில். அன்று அது சென்னை ராஜதானியின் ஊர். எம் தெலுங்கு நண்பர் ஒவ்வொரு முறையும் இதனை நினைவூட்டத் தவறுவதில்லை.

ஜில்லாவுக்குப் பெயர் தந்த கஞ்சம் நகரம் ரிஷிகுல்யா ஆற்றின் முகத்தில் இருந்தது. 1815-ஆம் ஆண்டில் அங்குக் கொடிய காய்ச்சல் பரவி, மாண்டவர் போக எஞ்சியவர் ஊரை விட்டோடினர். கச்சேரிகளும் இடம் மாறின. தெற்கே, கண்ணன் கோயிலொன்றால் பெயர்பெற்ற கோபால்பூர் துறைமுகமாக வளர்ந்தது. துறைமுகம் என்றதும் கப்பல் வந்து அணையும் மேடையைக் கற்பனை செய்யற்க. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் இடையே மசூலாப் படகுகள் செல்லும். ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு அது. ஆணி அடித்த படகாயின் அலை மோதி உடையும். தைத்தது வளைந்து கொடுக்கும். துறைமுகம் கட்டப்படுவதற்கு முன் சென்னையிலும் ஆளுநர் முதல் அரிசி மூட்டை வரை எல்லாமே இப்படகில்தான் கரையேறின.

கோபால்பூர்க் கரையிலிருந்து சென்ற சரக்குகளுள் முதன்மையானது மனிதர். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பர்மாவின் நெல்வயல்களும் அரிசி ஆலைகளும் இரங்கூன் துறைமுகமும் ஆள் வேண்டி நின்றன. கஞ்சம் ஜில்லாவில் பஞ்சமும் கடனும் மிகுதி. 1866-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் ஒரிசாப் பகுதியில் மட்டும் சுமார் பத்து இலட்சம் பேர் மாண்டனர் என்பதை எண்ணுக. உழவர் கப்பலேறினர், அறுவடைக் காலத்தில் உழைத்து, காசோடு திரும்பி, மறுபடியும் கப்பலேறினர். கோபால்பூர், கலிங்கப்பட்டினம், பீமுனிப்பட்டினம், விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய கரைகளிலிருந்து இரங்கூன் சென்ற தெலுங்கரையும் ஒடியரையும் அங்குள்ளோர் கோரங்கிகள் என்றே அழைத்தனர். பழைய கோரங்கித் துறைமுகத்தால் வந்த பெயர் அது. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் நம்மவர் சென்றது போன்றதே இதுவும். படகு வேறு, பசி ஒன்று.

1942-ஆம் ஆண்டில் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தனர். கப்பல் நின்றது. இலட்சக்கணக்கான இந்தியர் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் மலைகள் வழியாகவும் நடந்தே தாயகம் திரும்பினர். திரும்பாதவர் கணக்கை எவரும் சரிவர எழுதி வைக்கவில்லை. அத்துடன் கோபால்பூர்த் துறைமுகம் உறங்கிவிட்டது. சரக்கறைகளின் சுவர்கள் சில கரையில் எஞ்சின. 1914-ஆம் ஆண்டில் இத்தாலியர் ஒருவர் தொடங்கிய கடற்கரை விடுதி மட்டும் கைமாறிக் கைமாறி நிலைத்தது. துரைமார் ஓய்வெடுக்கும் ஊர் என்ற பெயரும் அதனால் நிலைத்தது. இந்நாளில் சற்று வடக்கே புதிய துறைமுகம் ஒன்று இயங்குகின்றது. பழைய கரைக்கு அதன் ஆரவாரம் எட்டுவதில்லை.

வரலாறு இருக்கட்டும், தங்குவதற்கு எது நன்று என்று வினவுவீர்கள்.

கோயிலும் கடைத்தெருவும் உணவும் வேண்டுவோர்க்குப் பூரியே தகும். தில்லியிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் நேரே இரயில் உண்டு. ஆனந்தபஜாரில் மண்சட்டியில் கிடைக்கும் பிரசாதச் சோற்றை எல்லாச் சாதியாரும் ஒருங்கிருந்து உண்ணும் வழக்கம் நெடுங்காலத்தது. அதனை ஒரு முறையேனும் உண்ண வேண்டும். கடற்கரையின் ஒரு பகுதி 2020-ஆம் ஆண்டில் நீலக்கொடிச் சான்று பெற்றது. அங்கு மணல் தூய்மையாகவே இருந்தது. ஆயினும் தேர்த்திருவிழாவிலும், வங்காளிகளின் பூசை விடுமுறையிலும், ஆண்டின் இறுதி வாரத்திலும் இளைப்பாற எண்ணி அங்குச் செல்வது சந்தையில் படுக்கை விரிப்பதை ஒக்கும். தனிமை வேண்டுவோர் கோபால்பூருக்குச் செல்க. கடைகள் சில; மாலைக்குப்பின் செய்வதற்கு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாமையே எமக்கு வேண்டியிருந்தது. பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் வடக்கே ரிஷிகுல்யா முகத்தில் சிற்றாமைகள் கூட்டங்கூட்டமாகக் கரையேறி முட்டையிடுவதையும் காணலாம். எல்லா ஆண்டும் வருமென்று உறுதி கூறுவதற்கில்லை.

கடலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இரண்டு இடத்திலும் கடல் ஒன்றே. அது விளையாட்டுக் கடலன்று. கரையருகே திடீரென ஆழமாகும். பின்வாங்கும் நீர் காலை வாரும். பூரியில் கூம்புத்தொப்பி அணிந்து நிற்கும் நூலியர் என்னும் மீனவரைக் காணலாம். ஆந்திரக் கரையிலிருந்து வந்து குடியேறியவர். வீட்டில் தெலுங்கு பேசுவோர். அவர் கையைப் பற்றிக்கொண்டு நீராடுதல் வெட்கத்திற்குரியதன்று. எம் மூத்த மகன் தனக்கு நீந்தத் தெரியும் என்று சொல்லி இடுப்பளவு நீருக்குச் சென்றான். தில்லி நீச்சற்குளத்தில் கற்ற நீச்சல் அது. இரண்டாவது அலையில் அவனைக் காணவில்லை. மூன்றாவது அலைக்குள் நூலியர் ஒருவர் அவனைத் தோளைப் பற்றித் தூக்கி மணலில் இட்டுவிட்டு, ஒன்றும் நடவாததுபோல் அப்பால் சென்றார். யாம் நன்றி கூற ஓடியபோது, அவர் சொன்ன தெலுங்கில் எமக்கு விளங்கியது ஒரே சொல்: "பில்லவாடு". சிறுவன் என்று பொருள். அவனைத் திட்டவேண்டா என்றாரோ, கவனமாகப் பார்த்துக்கொள்க என்றாரோ, இன்றுவரை தெரியவில்லை.

அக்டோபர் மாதத்தைத் தவிர்த்தல் நலம், புயற்காலம். 1999 அக்டோபரில் வந்த பெரும்புயல் ஒடிசாவில் ஏறக்குறையப் பதினாயிரம் உயிர்களைக் கொண்டது. 2013 அக்டோபர் 12-ஆம் நாள் பைலின் புயல் கோபால்பூருக்கு அருகிலேயே கரை கடந்தது; 2019 மே 3-ஆம் நாள் ஃபனி புயல் பூரியைத் தாக்கியது. இவ்விரண்டிலும் பல இலட்சம் மக்களை முன்கூட்டியே அப்புறப்படுத்தியமையால், இறந்தோர் தொகை ஆயிரங்களில் செல்லாமல் பத்துகளில் நின்றது. வீடும் மரமும் போயின, மனிதர் எஞ்சினர். அரசுப் பணியில் இருப்போர்க்கு இக்கணக்கு ஒன்று போதும், நம் கோப்புகளிலும் சில வேளை உயிர் உண்டென்று எண்ணிக்கொள்ள.

எம் வீட்டுப் பூசல் எவ்வாறு தீர்ந்தது என்பதைச் சொல்லவில்லை. பத்து நாளையும் பூரியிலேயே கழிப்பதென அன்னையார் உறுதியாக இருந்தார். யாம் படித்தவற்றை ஒரு நாள் இரவு உணவின்போது கூறிக்கொண்டிருந்தோம். கோபால்பூரிலிருந்து இரங்கூனுக்குக் கப்பல் சென்றது என்றதும் அவர் கை நின்றது. அவருடைய தந்தையார் இரங்கூனில் ஒரு செட்டியார் கிட்டங்கியில் கணக்கெழுதியவர். 1942-ஆம் ஆண்டில் மணிப்பூர் வழியாக நடந்து வந்தவர். உடன் புறப்பட்ட தம்பி வந்து சேரவில்லை. பாட்டனார் அதனைப் பற்றி ஒருபோதும் பேசியதில்லை. அவர்கள் கப்பலேறியது சென்னையில், கோபால்பூரில் அன்று என்று எடுத்துச் சொன்னோம். "அது எனக்குத் தெரியாதா? பூரியில் மூன்று நாள் போதும்" என்றார்.

ஆகவே பூரியில் மூன்று நாள், கோபால்பூரில் ஏழு நாள். ஜகந்நாதரைக் கண்டார்; பிரசாதம் உண்டார்; எமார் மடம் இருந்த வெளியைக் கடந்தபோது மட்டும் சிறிது நின்றார். கோபால்பூரில் நாள்தோறும் மாலையில் இடிந்த சரக்கறைச் சுவரருகே ஒரு துணியை விரித்து அமர்ந்துகொள்வார். குழந்தைகள் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வரை அங்கேயே இருப்பார். நான்காம் நாள் வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம், "இரங்கூன் எந்தப் பக்கம்?" என்று தமிழிலேயே கேட்டார். அவர்க்குத் தமிழ் தெரியாது. இரங்கூன் என்ற சொல் தெரிந்தது. வலையை விடாமல், ஒரு கையை மட்டும் எடுத்து, கிழக்கில் சற்றுத் தெற்காகக் காட்டினார். அவர் வீட்டிலிருந்தும் எவரோ சென்றிருக்க வேண்டும். எம்மில் ஒருவருக்கும் அதனைக் கேட்கும் அளவு தெலுங்கு வாராது.

வரும் ஆண்டு விடுப்புக்கு இப்பொழுதே பேச்சுத் தொடங்கிவிட்டது. குழந்தைகள் பூரி என்கின்றனர். அங்கு ஒட்டகச் சவாரி உண்டாம். அன்னையார் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.